மார்பகப் புற்றுநோய் முன்கண்டறி சோதனை (இந்திய நகரங்கள்)

மார்பகப் புற்றுநோய் முன்கண்டறி சோதனை என்பது நோயின் அறிகுறி எதையும் உணராத பெண்களைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் சோதித்து, மார்பகத்தில் புற்றுநோய் தோன்றியுள்ளதா என்பதைத் தொடக்க நிலையிலேயே அறியும் முறை ஆகும். மருத்துவ வழக்கில் இது ஸ்கிரீனிங் எனப்படுகின்றது. கட்டி ஒன்று தென்பட்ட பின்னர் அதன் தன்மையை அறியச் செய்யப்படும் சோதனை நோயறி சோதனை எனப்படும். இவ்விரண்டும் நோக்கத்திலும் முறையிலும் வேறுபட்டவை.

இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பெண்கள் இதனால் இறந்தனர். நோயின் வீதம் ஊர்ப்புறங்களை விடப் பெருநகரங்களில் உயர்ந்து காணப்படுகின்றது. மேலை நாடுகளில் பரவலாக உள்ள மேமோகிராம் வழி முன்கண்டறி சோதனையை அப்படியே இந்தியாவிற்குக் கொண்டுவருவது பயன் தருமா, அல்லது பயிற்சி பெற்ற பணியாளர் கையால் தொட்டுச் செய்யும் எளிய சோதனையும், கட்டி கண்ட பெண்ணுக்கு விரைவான நோயறிதலும் கூடுதல் பயன் தருமா என்பது மருத்துவர்களிடையே நெடுநாளாக ஆராயப்பட்டு வரும் வினா ஆகும்.

## மார்பகக் கட்டிகள்

மார்பகமானது பால் சுரக்கும் நுண்மடல்கள், பாலை முலைக்காம்பிற்குக் கொண்டு செல்லும் நாளங்கள், இவற்றைச் சூழ்ந்துள்ள கொழுப்பு, இவற்றைத் தாங்கும் நார்த்திசு ஆகியவற்றால் ஆனது. மாதவிடாய்ச் சுழற்சி, கருவுறுதல், பாலூட்டல், மாதவிடாய் நிறைவு ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் இத்திசுக்கள் மாற்றமடைகின்றன. ஆகவே வாழ்நாளில் எப்போதாவது மார்பகத்தில் கட்டியையோ தடிப்பையோ உணர்வது பெண்களிடையே இயல்பானதே. இவற்றுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. அவற்றுள் முதன்மையானவை:

* நார்ச்சுரப்பிக் கட்டி: பெரும்பாலும் 15 முதல் 35 வயதினரிடம் காணப்படும். உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். விரலால் அழுத்தினால் நழுவி ஓடும்.
* நீர்க்கட்டி: 35 முதல் 50 வயதினரிடம் மிகுதி. உள்ளே நீர்மம் நிறைந்திருக்கும். மாதவிடாய்க்கு முன் பெரிதாகி வலிக்கக்கூடும்.
* நார்த்திசு மாற்றங்கள்: தனிக் கட்டியாக இல்லாமல் மார்பகம் முழுதும் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். மாதவிடாயுடன் கூடிக் குறையும்.
* பால்கட்டி, சீழ்க்கட்டி: பாலூட்டும் காலத்தில் தோன்றுபவை. சீழ்க்கட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலை உண்டாக்கும்.
* கொழுப்புச் சிதைவு: அடிபட்ட இடத்திலோ அறுவை செய்த இடத்திலோ தோன்றும் கடினமான தடிப்பு.
* மார்பகக் காசநோய்: அரிதானது. எனினும் காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் மருத்துவர் நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்று.

புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் கடினமாகவும், ஒழுங்கற்ற விளிம்புடனும், எளிதில் அசையாமலும் இருக்கும். மேலுள்ள தோல் குழிவிழுதல் அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போலாதல், முலைக்காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து குருதி கலந்த நீர் கசிதல், அக்குளில் நெறி கட்டுதல் ஆகியன பிற அறிகுறிகள். தொடக்கநிலைப் புற்றுநோய்க் கட்டியில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலியில்லாத கட்டி தீங்கற்றது என்னும் பரவலான எண்ணம் பல பெண்களை மருத்துவரிடம் செல்லாமல் காலந்தாழ்த்த வைக்கின்றது. ஆனால் தொட்டு உணர்வதை மட்டும் கொண்டு கட்டியின் தன்மையை உறுதி செய்ய இயலாது.

## இந்திய நகரங்களில் நோயின் பரவல்

இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான முதல் புற்றுநோய்ப் பதிவகம் 1963 ஆம் ஆண்டில் மும்பையில் இந்தியப் புற்றுநோய்க் கழகத்தால் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது மும்பையுடன் சென்னை, பெங்களூரு ஆகிய நகரங்களின் பதிவகங்களும் அதில் இடம்பெற்றன. சென்னைப் பதிவகம், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இயங்கி வருகின்றது.

இப்பதிவகங்களின் தரவுகள் காட்டும் மாற்றம் கருதத்தக்கது. 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது தொடர்ந்து குறைய, மார்பகப் புற்றுநோய் கூடிக்கொண்டே வந்து முதலிடத்தைப் பிடித்தது. பிற பெருநகரங்களிலும் இதே போக்குக் காணப்பட்டது. 2020 இல் வெளியான தேசியப் பதிவுத் திட்ட அறிக்கையில் ஐதராபாத், சென்னை, பெங்களூரு ஆகிய நகரங்களில் வயதுச் சீராக்கப்பட்ட நோய்வீதம் ஆண்டுதோறும் லட்சம் பெண்களுக்கு 40 என்ற அளவைத் தாண்டியிருந்தது. மகாராட்டிரத்தின் பார்சி போன்ற ஊர்ப்புறப் பதிவகங்களில் இவ்வீதம் மிகவும் குறைவாகவே உள்ளது. அதே அறிக்கையின்படி இந்தியாவில் 74 வயதிற்குள் 29 பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் ஏற்பட வாய்ப்புண்டு.

இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளை விட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாக வருவதாகக் கூறப்படுவது உண்டு. நோயாளிகளின் சராசரி வயது இங்கு குறைவு என்பது உண்மையே. எனினும் இதற்குப் பெரும் காரணம் இந்திய மக்கள்தொகையில் இளவயதினர் மிகுதியாக இருப்பதே ஆகும். எந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டாலும், அவருக்கு 35 வயதில் நோய் வரும் வாய்ப்பை விட 55 வயதில் வரும் வாய்ப்பு அதிகம். இளம் நோயாளிகளே கண்ணில் படுவதால் மாதவிடாய் நின்ற பெண்கள் தமக்கு இனி இந்நோய் வராது எனக் கருதிவிடுவது தவறான முடிவாகும்.

## இடர்க் காரணிகள்

இடர்க் காரணி என்பது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒன்று. அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்றோ, இல்லாவிட்டால் வராது என்றோ பொருளில்லை. மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குப் பெண்ணாக இருப்பது, வயது கூடுவது ஆகிய இரண்டைத் தவிரக் குறிப்பிடத்தக்க தனிக் காரணம் எதுவும் இருப்பதில்லை. ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. மொத்த நோயாளிகளில் அவர்கள் ஏறத்தாழ 1% மட்டுமே.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி கன்னியர் மடங்களில் வாழும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டார். 1926 இல் பிரித்தானிய மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபன், நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு, மகப்பேறு, பாலூட்டல் ஆகியவற்றிற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்ந்தார். இன்று அறியப்படும் இடர்க் காரணிகள் பலவற்றிற்கு அவ்வாய்வே அடித்தளமாக அமைந்தது.

### மகப்பேறும் பாலூட்டலும்

ஈஸ்ட்ரோஜன் முதலான இயக்குநீர்கள் மார்பக உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகின்றன. வாழ்நாளில் மாதவிடாய்ச் சுழற்சிகளின் எண்ணிக்கை கூடும்போது இத்தூண்டுதலும் கூடுகின்றது. இதனால் இளவயதிலேயே பூப்படைதல், காலந்தாழ்ந்த மாதவிடாய் நிறைவு, முதல் குழந்தையை 30 வயதிற்குப் பின் பெறுதல், குழந்தை பெறாமை ஆகியவை இடரைக் கூட்டுகின்றன.

30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2002 இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு, ஒவ்வொரு மகப்பேறும் இடரை 7% அளவிற்கும், பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதமும் மேலும் 4.3% அளவிற்கும் குறைப்பதாகக் கண்டது. நகரங்களில் திருமணம் தள்ளிப்போவதும், ஓரிரு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்வதும், பேறுகால விடுப்பு முடிந்ததும் பாலூட்டலைக் குறைக்க வேண்டியிருப்பதும் நகர்ப்புற வீதம் உயர்ந்திருப்பதற்கான காரணங்களாகக் கருதப்படுகின்றன. இவை பெண் கல்வி, வேலைவாய்ப்பு, குடும்பநலம் ஆகியவற்றின் வளர்ச்சியோடு பின்னிப் பிணைந்தவை. எனவே தனிப்பட்ட பெண்ணின் குறையாக இவற்றைக் கொள்ள இயலாது. பணியிடங்களில் பாலூட்டும் அறை, போதிய விடுப்பு போன்ற ஏற்பாடுகள் இவ்வகையில் புற்றுநோய்த் தடுப்பு நடவடிக்கைகளாகவும் அமைகின்றன.

### உடல் எடையும் வாழ்முறையும்

மாதவிடாய் நின்ற பின்னர் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெருமளவு கொழுப்புத் திசுவிலேயே உருவாகின்றது. எனவே அவ்வயதில் உடற்பருமன் நோயின் இடரைக் கூட்டுகின்றது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 2000களில் 1,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான பிற பெண்களையும் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஊர்ப்புறப் பெண்களை விட நகர்ப்புறப் பெண்கள் மிகை எடையுடன் இருப்பதையும், உடல் எடை, இடைச் சுற்றளவு ஆகியவை கூடும்போது இடர் கூடுவதையும் அது காட்டியது.

* உடலுழைப்பு: முறையான நடை, உடற்பயிற்சி ஆகியவை இடரைக் குறைக்கின்றன.
* மது: நாள்தோறும் அருந்தும் ஒவ்வொரு 10 கிராம் ஆல்ககாலுக்கும் இடர் ஏறத்தாழ 7% கூடுகின்றது.
* இயக்குநீர் மருத்துவம்: மாதவிடாய் நிறைவுத் தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து நீண்ட காலம் உட்கொள்வது இடரைக் கூட்டுவதாக அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வொன்று 2002 இல் காட்டியது.
* இரவுப் பணி: உடலின் நாட்சுழற்சியைக் குலைக்கும் இரவு நேர முறைப்பணியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007 இலும் மீண்டும் 2019 இலும் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. மருத்துவமனைகளிலும் அழைப்பு மையங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் இரவில் பணியாற்றும் பெண்கள் நகரங்களில் மிகுதி. ஆனால் இதற்கான சான்றுகள் இன்னும் முழு உறுதி பெறவில்லை.
* கதிர்வீச்சு: இளவயதில் மார்பில் கதிர்வீச்சு மருத்துவம் பெற்றோருக்கு இடர் மிகுதி.

### மரபுவழிக் காரணிகள்

நோயாளிகளில் 5 முதல் 10% பேருக்கு மட்டுமே மரபுவழியாக வந்த மரபணுப் பிறழ்வு காரணமாகின்றது. இவற்றுள் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்களில் ஏற்படும் பிறழ்வுகள் முதன்மையானவை. இவற்றில் ஒன்றைக் கொண்ட பெண்ணுக்கு 80 வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70% என 2017 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிறழ்வு தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் வரக்கூடும். எனவே தந்தையின் உடன்பிறந்த அத்தையர், தந்தையைப் பெற்ற பாட்டி ஆகியோரின் நோய் வரலாறும் மருத்துவரிடம் கூறப்பட வேண்டும். தங்கள் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லை என்பதால் தமக்கு வராது எனக் கருதுவதற்கு இடமில்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் அத்தகைய குடும்பங்களிலிருந்தே வருகின்றனர்.

### தொடர்பு நிறுவப்படாதவை

இறுக்கமான உள்ளாடை அணிதல், நறுமணத் தெளிப்பான்கள், மார்பில் அடிபடுதல் ஆகியவை புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இந்நோய் தொற்றுவதும் இல்லை. நோயுற்ற பெண்ணைத் தனித் தட்டு, தனிப் படுக்கை என ஒதுக்கி வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

## சோதனை முறைகள்

### தன்சோதனை

பெண் மாதந்தோறும் தன் மார்பகங்களைத் தானே ஒழுங்குமுறையாகத் தொட்டுப் பார்ப்பது தன்சோதனை எனப்படும். இதன் பயனை அறிய நடந்த மிகப் பெரிய ஆய்வு சீனாவின் சாங்காய் நகரில் நெசவாலைத் தொழிலாளப் பெண்களிடையே நடத்தப்பட்டது. 1989 முதல் 1991 வரை 2,66,064 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு குழுவிற்குத் தன்சோதனைப் பயிற்சி தீவிரமாக அளிக்கப்பட்டது. மறு குழுவிற்கு அளிக்கப்படவில்லை. முடிவுகள் 2002 இல் வெளியாயின. பயிற்சி பெற்ற குழுவில் 135 பேரும் பயிற்சி பெறாத குழுவில் 131 பேரும் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தனர். பயிற்சி பெற்றோரிடம் தீங்கற்ற கட்டிகளே கூடுதலாகக் கண்டறியப்பட்டன. அதாவது இறப்பு குறையவில்லை. அச்சமும் தேவையற்ற திசு ஆய்வுகளும் கூடின.

இதனால் தன்சோதனையை முன்கண்டறி முறையாகப் பல நாடுகள் இப்போது பரிந்துரைப்பதில்லை. அதற்கு மாற்றாக மார்பக விழிப்புணர்வு என்பது வலியுறுத்தப்படுகின்றது. தன் மார்பகத்தின் இயல்பான தோற்றத்தையும் தொடுவுணர்வையும் அறிந்திருப்பதும், புதிய மாற்றத்தை உணர்ந்தால் உடனே மருத்துவரிடம் செல்வதுமே இதன் சாரம். இந்தியாவில் பெரும்பாலான கட்டிகள் பெண்களாலேயே முதலில் உணரப்படுவதால் இவ்விழிப்புணர்வின் இன்றியமையாமை குறையவில்லை.

### மருத்துவத் தொடுசோதனை

மருத்துவர், செவிலியர் அல்லது பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் இரு மார்பகங்களையும் அக்குள் பகுதிகளையும் பார்த்தும் தொட்டும் செய்யும் சோதனை இது. கருவி எதுவும் தேவைப்படாததால் செலவு மிகக் குறைவு.

இதன் பயனை அளக்க மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கிய ஆய்வு உலக அளவில் குறிப்பிடத்தக்கது. நகரின் குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயதுடைய 1,51,538 பெண்கள் 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு மருத்துவர் அல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை என 4 சுற்றுகள் தொடுசோதனை செய்தனர். மறுபாதியினருக்கு விழிப்புணர்வுக் கல்வி மட்டும் அளிக்கப்பட்டது. அனைவரும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டு, 2021 இல் முடிவுகள் வெளியிடப்பட்டன:

* கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் முற்றிய நிலையில் (மூன்றாம், நான்காம் நிலை) இருந்தவை சோதிக்கப்பட்ட குழுவில் 37%, மறு குழுவில் 47%.
* மார்பகப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு ஒட்டுமொத்தமாக 15% குறைந்தது. ஆனால் இது புள்ளியியல் நோக்கில் உறுதியான வேறுபாடு அல்ல.
* 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இறப்பு ஏறத்தாழ 30% குறைந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானது.
* 50 வயதிற்குட்பட்டோரிடம் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

விலையுயர்ந்த கருவிகள் இன்றியே நகர்ப்புற ஏழைப் பெண்களிடையே இறப்பைக் குறைக்க முடியும் என்பதற்கு இவ்வாய்வு சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

### மேமோகிராம்

மார்பகத்தை இரு தகடுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தி, குறைந்த அளவு எக்ஸ் கதிர் கொண்டு எடுக்கும் படம் மேமோகிராம் ஆகும். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டிகளையும் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளையும் இது காட்டும். இதனைக் கொண்டு செய்யப்பட்ட முதல் பெரும் ஆய்வு 1963 இல் நியூயார்க்கில் தொடங்கியது.

இளம் பெண்களின் மார்பகத்தில் சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் அடர்ந்திருக்கும். படத்தில் அவையும் வெண்மையாகத் தெரியும்; கட்டியும் வெண்மையாகவே தெரியும். ஆகவே இவர்களிடம் கட்டி மறைந்துபோக வாய்ப்புண்டு. வயது கூடும்போது சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு மிகுவதால் படம் தெளிவாகின்றது.

### மீயொலிச் சோதனை

அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எனப் பரவலாக அறியப்படும் இச்சோதனை, நீர்க்கட்டியையும் திண்மக் கட்டியையும் எளிதில் வேறுபடுத்தும். கதிர்வீச்சு இல்லாததால் இளம் பெண்களுக்கும் கருவுற்றோருக்கும் ஏற்றது. சப்பானில் 40 முதல் 49 வயதுடைய ஏறத்தாழ 73,000 பெண்களிடம் நடந்து 2016 இல் வெளியான ஆய்வில், மேமோகிராமுடன் இதனைச் சேர்த்தபோது புற்றுநோயைக் கண்டுகொள்ளும் திறன் 77% இலிருந்து 91% ஆக உயர்ந்தது. அதேவேளையில் நோயற்ற பெண்களுக்குத் தவறான எச்சரிக்கையும் கூடியது. இது இறப்பைக் குறைக்குமா என்பதை அறிய நீண்டகாலக் கண்காணிப்பு தேவை.

மரபணுப் பிறழ்வு கொண்டோருக்குக் காந்த ஒத்ததிர்வுப் படமும் (எம்.ஆர்.ஐ.) பரிந்துரைக்கப்படுகின்றது.

## நன்மைகளும் தீமைகளும்

முன்கண்டறி சோதனை நோயற்ற பெண்களிடம் செய்யப்படுவதால் அதன் தீமைகளும் எடைபோடப்பட வேண்டும். இவை மூன்று வகைப்படும்.

1. தவறான எச்சரிக்கை: நோயில்லாதவருக்கு நோய் இருக்கலாம் எனச் சோதனை காட்டுவது. இதனால் மேலும் சோதனைகளும், செலவும், மனவுளைச்சலும் நேர்கின்றன.
2. தவறான உறுதி: நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போவது. அண்மையில் எடுத்த மேமோகிராமில் குறையில்லை என்பதற்காகப் புதிதாகத் தோன்றிய கட்டியைப் பொருட்படுத்தாமல் விடுவது ஆபத்தானது.
3. மிகைக் கண்டறிவு: வாழ்நாள் முழுதும் தொல்லை தராமலேயே இருந்திருக்கக்கூடிய புற்றுநோயைக் கண்டறிந்து மருத்துவம் அளிப்பது. எவருடைய கட்டி அத்தகையது என முன்கூட்டி அறிய இயலாததால் அனைவரும் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் உட்பட நேர்கின்றது.

பிரித்தானியாவில் அமைக்கப்பட்ட சார்பற்ற வல்லுநர் குழு 2012 இல் அளித்த மதிப்பீட்டின்படி, 50 வயது முதல் 20 ஆண்டுகள் மேமோகிராமுக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேரின் இறப்பு தவிர்க்கப்படுகின்றது; 129 பேருக்கு மிகைக் கண்டறிவு நேர்கின்றது. நோயின் வீதம் குறைவாக உள்ள மக்களிடையே தவிர்க்கப்படும் இறப்புகள் இதனினும் குறைவாகவே இருக்கும். தனியார் மருத்துவமனைகளும் சோதனை நிலையங்களும் முழு உடல் சோதனைத் தொகுப்புகளில் 30 வயதுப் பெண்களுக்கும் மேமோகிராமைச் சேர்ப்பது நகரங்களில் காணப்படும் வழக்கம். குடும்ப வரலாறோ பிற உயர் இடரோ இல்லாத அவ்வயதினருக்கு இதனால் நன்மை விளையும் என்பதற்குச் சான்று இல்லை.

## பரிந்துரைகள்

உயர் இடர் இல்லாத பெண்களுக்கான சில பரிந்துரைகள் கீழே தரப்பட்டுள்ளன.

| நாடு / அமைப்பு | வயது | முறை | இடைவெளி |
|---|---|---|---|
| உலக சுகாதார அமைப்பு (2014, வளம் மிகுந்த நாடுகளுக்கு) | 50–69 | மேமோகிராம் | 2 ஆண்டுகள் |
| பிரித்தானியா | 50 முதல் 71 வரை | மேமோகிராம் | 3 ஆண்டுகள் |
| அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு (2024) | 40–74 | மேமோகிராம் | 2 ஆண்டுகள் |
| இந்திய நடுவண் அரசு (2016) | 30–65 | மருத்துவத் தொடுசோதனை | 5 ஆண்டுகள் |

இந்திய அரசின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் ஒருசேரச் சோதனை செய்ய வகுக்கப்பட்டது. எனினும் நடைமுறையில் இது சென்றடைந்தோர் மிகச் சிலரே. 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுடைய இந்தியப் பெண்களில் எப்போதாவது மார்பகச் சோதனை செய்துகொண்டவர்கள் 0.9% மட்டுமே. நகர்ப்புறங்களிலும் இது 1.2% அளவைத் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் இது 5.6% ஆக இருந்தது. நாட்டின் சராசரியை விடப் பல மடங்கு உயர்ந்ததாயினும், இருபதில் ஏறத்தாழ ஒருவர் என்பதே இதன் பொருள்.

## கட்டி கண்டறியப்பட்ட பின்

சோதனையிலோ தானாகவோ கட்டி தென்பட்டால் அதன் தன்மை முச்சோதனை என்னும் முறையால் முடிவு செய்யப்படுகின்றது.

* மருத்துவரின் தொடுசோதனை
* படச் சோதனை: பொதுவாக 30 வயதிற்குட்பட்டோருக்கு மீயொலிச் சோதனையும், 40 வயதிற்கு மேற்பட்டோருக்கு மேமோகிராமுடன் மீயொலிச் சோதனையும் செய்யப்படும். முடிவுகள் பைராட்ஸ் என்னும் அளவுகோலில் 0 முதல் 6 வரை எண்ணிட்டுத் தரப்படும். 1, 2 ஆகியவை அச்சமில்லாதவை. 3 என்பது பெரும்பாலும் தீங்கற்றது. குறுகிய இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டியது. 4, 5 ஆகியவற்றிற்குத் திசு ஆய்வு தேவை. 6 என்பது ஏற்கனவே உறுதி செய்யப்பட்ட புற்றுநோய். 0 என்பது படம் போதாமையால் மேலும் சோதனை தேவை என்பதைக் குறிக்கும். நோயில்லை என்பதை அன்று.
* திசு ஆய்வு: பயாப்சி எனப்படும் இதில் மரத்துப்போகும் ஊசியிட்டு, தடித்த ஊசியால் சிறு திசுத் துண்டு எடுக்கப்பட்டு நுண்ணோக்கியால் ஆராயப்படும். புற்றுநோயை உறுதி செய்வது இதுவே. கட்டியின் இயக்குநீர் ஏற்பிகளும் எச்.இ.ஆர்.2 புரதமும் இத்துண்டிலேயே சோதிக்கப்பட்டு அவற்றிற்கேற்ப மருந்து முடிவு செய்யப்படும்.

மூன்று சோதனைகளின் முடிவும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் ஐயத்திற்கிடமாக இருந்தாலும் ஆய்வு தொடரப்பட வேண்டும். ஊசி பட்டால் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிடும் என்னும் அச்சம் மக்களிடையே உண்டு. அச்சத்தால் திசு ஆய்வைத் தள்ளிப்போடுவதே நோய் முற்றக் காரணமாகின்றது.

## காலத்தாழ்வும் அதன் விளைவும்

பன்னாட்டு ஒப்பீடு ஒன்றின்படி 2010–2014 ஆண்டுகளில் நோய் கண்டறியப்பட்டோரில் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் இந்தியாவில் 66%, அமெரிக்காவில் 90%. இவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம், இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் நோய் மார்பகத்தைத் தாண்டி நெறிக்கணுக்களுக்கோ அப்பாலோ பரவிய பின்னரே மருத்துவமனையை அடைவதாகும். மருத்துவத்தை இடையில் நிறுத்திவிடுவதும் மற்றொரு காரணம்.

மருத்துவமனைகள் அருகிலேயே உள்ள நகரங்களிலும் இக்காலத்தாழ்வு நிகழ்கின்றது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம், வீட்டு வேலைகளையும் பிள்ளைகளின் தேர்வுகளையும் முன்னிட்டுத் தன் உடல்நலத்தைப் பின்தள்ளுதல், நாள்கூலியை இழக்க இயலாமை, நோய் தெரிந்தால் மகளின் திருமணம் தடைபடும் என்னும் கவலை, மாற்று மருத்துவத்தில் மாதங்களைக் கழித்தல், மார்பகத்தையே அகற்றிவிடுவார்கள் என்னும் அச்சம் ஆகியவை காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இறுதியாகக் கூறப்பட்ட அச்சத்திற்கு மாறாக, தொடக்க நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும் உயிர்வாழும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிசர் நடத்தி 2002 இல் வெளியிட்ட 20 ஆண்டு ஆய்வு காட்டியது. மார்பகத்தைக் காக்கும் அறுவைக்கு வழி பெரும்பாலும் காலத்தே வந்தோருக்கே கிட்டுகின்றது.

உலக சுகாதார அமைப்பு 2021 இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முனைப்பு மூன்று இலக்குகளை வகுத்தது:

1. நோயாளிகளில் 60% பேராவது முதல், இரண்டாம் நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும்.
2. மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிக்கப்பட வேண்டும்.
3. நோயாளிகளில் 80% பேராவது மருத்துவத்தை முழுமையாக முடிக்க வேண்டும்.

இம்மூன்று இலக்குகளிலும் மேமோகிராம் கட்டாயமாக இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. கட்டியை உணர்ந்த பெண் எத்தனை நாட்களில் மருத்துவரிடம் செல்கின்றார், அங்கிருந்து எத்தனை நாட்களில் திசு ஆய்வு முடிவு கிடைக்கின்றது, தொடங்கிய மருத்துவம் முடிவு வரை தொடர்கின்றதா என்பவையே இந்திய நகரங்களில் இறப்பைக் குறைப்பதில் முதற்கண் கவனிக்கப்பட வேண்டியவையாக உள்ளன.

## இவற்றையும் பார்க்கவும்

* மார்பகப் புற்றுநோய்
* கருப்பை வாய்ப் புற்றுநோய்
* தாய்ப்பாலூட்டல்
* அடையாறு புற்றுநோய் நிலையம்
* முத்துலட்சுமி ரெட்டி
* வி. சாந்தா